6,000 ரூபாயில் வாசல் நடையைச் சரிசெய்ய முடியுமா? பழைய மரச் சாமான் வாங்கிப் பழகியவர்கள் சொல்லுங்கள்

நடைவாசல் | டிசம்பர் 2

எல்லோருக்கும் வணக்கம். குரோம்பேட்டையில் வாடகை வீடு, இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கதவைத் திறந்ததும் ஹால் வராது, அதற்கு முன்னால் நான்கடி அகலம் ஏழடி நீளத்துக்கு ஒரு நடை. பழைய வீடுகளில் ரேழி என்பார்களே, அதன் கொள்ளுப்பேத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். நேற்று அங்கே கிடப்பதை எல்லாம் எண்ணிப் பார்த்தேன். செருப்பும் ஷூவும் சேர்த்துப் பதினான்கு ஜோடி (வீட்டில் இருப்பது நான்கு பேர்), ஹெல்மெட் மூன்று, அதில் ஒன்று யாருடையது என்று யாருக்கும் தெரியவில்லை, கம்பி ஒடிந்த குடை இரண்டு, பழைய பேப்பர் கட்டு, காலித் தண்ணீர் கேன், பால் பாக்கெட்டுக்குத் தொங்கவிடும் பை, இவ்வளவுக்கும் நடுவில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும் பிளாஸ்டிக் ஸ்டாண்டு.

தை பிறந்ததும் தங்கைக்கு நிச்சயதார்த்தம், வீட்டிலேயேதான். மாப்பிள்ளை வீட்டார் முதல் தடவை வருகிறார்கள். இதற்கென்று ஒதுக்க முடிந்தது 6,000 ரூபாய். ஆன்லைனில் பார்த்தால் பார்ட்டிகிள் போர்டு (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) செருப்பு அலமாரி ஒன்றே 4,500. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை கிட்டத்தில்தான் இருக்கிறது, அங்கே பழைய மரச் சாமான் வரும் என்று தெரியும், ஆனால் வாங்கிப் பழக்கமில்லை. ஓனர் சுவரில் ஒரு ஆணி அடிக்க விடமாட்டார். அம்மாவோ, "நல்ல காரியத்துக்கு வருகிறவர்கள் காலடி வைக்கிற இடத்தில் எவரோ கழித்துப் போட்டதைக் கொண்டுவந்து வைப்பாயா?" என்கிறார். என்ன வாங்கலாம், எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

உளிச்சத்தம் | டிசம்பர் 2

அப்பா தச்சர், நான் பாதித் தச்சன், மீதி நேரம் ஆபீஸ். வாங்குவதற்கு முன்னால் ஒன்று. பதினான்கு ஜோடியில் தினமும் காலில் ஏறுவது எத்தனை? ஐந்தோ ஆறோ இருக்கும். மீதியைப் பரணில் ஏற்றுங்கள், அறுந்ததைத் தூக்கிப் போடுங்கள். அப்புறம் பார்த்தால் உங்களுக்குத் தேவையான சாமான் பாதி அளவாகிவிடும். போகி வேறு வருகிறது, சாக்கு தயாராகவே இருக்கிறது.

அடுத்தது அளவு. கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, முழுதாகத் திறந்தால் எத்தனை அங்குலம் தின்கிறது என்று பாருங்கள். வாங்க நினைக்கிற சாமானின் அளவுக்குச் செய்தித்தாளை வெட்டித் தரையில் ஒட்டிவிட்டு இரண்டு நாள் அதை மிதிக்காமல் நடந்து பாருங்கள். மிதித்தால் அந்த சாமான் வேண்டாம். எங்கள் அப்பா சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு, அந்த வீட்டுப் பாட்டியை நடக்கச் சொல்லிப் பார்ப்பார்.

பழசுவேண்டாம் | டிசம்பர் 2

உங்கள் அம்மா சொல்வதுதான் சரி. மூட்டைப்பூச்சி, கரையான், கரப்பான் முட்டை எல்லாம் இலவசமாக வரும். யார் வீட்டில் எப்படிப் புழங்கினார்களோ, யார் இறந்தபின் விற்றார்களோ. 2,000 ரூபாய்க்குப் புது இரும்பு ஸ்டாண்டு கிடைக்கிறது, பெயின்ட் அடித்தது, துடைத்தால் போச்சு. எதற்கு இந்த வேலை?

தேக்குக்கட்டை | டிசம்பர் 2

@பழசுவேண்டாம் அண்ணே, நீங்கள் உட்கார்ந்து சாப்பிடுகிற ஹோட்டல் நாற்காலி யார் வீட்டுப் புதுசு? கோயில் மண்டபத்துக் கல்லில் சாய்ந்து உட்காருகிறோம், ஆயிரம் வருஷமாக எத்தனை பேர் முதுகு பட்டது?

புது இரும்பு ஸ்டாண்டு பற்றிச் சொல்கிறேன். நானும் வாங்கினேன், குழாய் நகம் தடிமன்கூட இல்லை. ஈரச் செருப்பு வைக்கிற கீழ்த்தட்டு இரண்டாவது மழைக்காலத்தில் துருப்பிடித்து ஒடிந்தது. நமக்கு இங்கே உப்புக் காற்று வேறு. பழைய கனமான இரும்பென்றால் வேறு கதை.

பிரம்புக்கூடை | டிசம்பர் 3

தங்கச்சி, தையல் மெஷின் ஸ்டாண்டு பாருங்கள். மேலே மெஷின் போய்விட்ட, காலால் மிதிக்கிற பழைய வார்ப்பிரும்புக் கால் மட்டும். பழைய இரும்புக் கடையில் எடைக்கே தருவார்கள் சில இடத்தில். அதன் மேல் கிரானைட் கடையில் கழிவாகக் கிடக்கும் துண்டையோ கடப்பா கல்லையோ வெட்டி வைத்தால் சாவி, பூ, பில் எல்லாம் வைக்க மேசை ஆச்சு. நான் வைத்து ஒன்பது வருஷம் ஆகிறது. பிள்ளைகள் கீழே உட்கார்ந்து மிதிப்பலகையை ஆட்டிக்கொண்டே இருப்பார்கள், அதற்கு மட்டும் மாதம் ஒரு சொட்டு எண்ணெய்.

நடைவாசல் | டிசம்பர் 3

@பிரம்புக்கூடை அக்கா, ஆசையாகத்தான் இருக்கிறது. @உளிச்சத்தம் அண்ணன் சொன்னபடி செய்தித்தாள் ஒட்டிப் பார்த்தேன். எங்கள் பக்கத்து வீட்டில் இருக்கும் மெஷின் ஸ்டாண்டு 16 அங்குலம் அகலம். நடை 48 அங்குலம். மீதி 32. நான் தாண்டிவிட்டேன், அப்பா இரண்டு தடவை மிதித்தார், தங்கை காய்கறிப் பையோடு வந்து பேப்பரையே கிழித்துவிட்டாள்.

உளிச்சத்தம் | டிசம்பர் 3

மூன்றடியாவது காலியாக விடுங்கள். ஒரு ஆள் இரண்டு கையிலும் எதையாவது தூக்கிக்கொண்டு வர, எதிரே இன்னொருவர் ஒதுங்கி நிற்க அது வேண்டும். நிச்சயத்துக்கு வருகிறவர்கள் தட்டைக் கையில் ஏந்தி வரிசையாக வருவார்கள், பழத்தட்டு உங்கள் மேசை முனையில் இடித்துச் சரிந்தால் அதுவே ஒரு சகுனமாகிவிடும்!

48இல் 36 போனால் மீதி 12 அங்குலம். அந்த அகலத்தில் என்ன வரும்? பழைய பள்ளிக்கூட பெஞ்சு வரும். முதுகில்லாத, நீளமான, ஒல்லி பெஞ்சு. உயரம் 17, 18 அங்குலம் இருக்கும், உட்கார்ந்து ஷூ கழற்றலாம், அடியில் ஒரு வரிசை செருப்பு. உங்கள் அப்பா அம்மாவுக்கு முட்டி வலி இருந்தால் இதைவிட உபயோகமான சாமான் கிடையாது. ஒற்றைக் காலில் நின்று சுவரைப் பிடித்துக்கொண்டு ஷூ கழற்றுகிற வயதா அவர்களுக்கு?

நான்காம்மாடி | டிசம்பர் 3

கேள்வி: செருப்பை எல்லாம் வெளியே காரிடாரில் வைத்துவிட்டால் என்ன? எங்கள் மாடியில் எல்லோரும் அப்படித்தான்.

தேக்குக்கட்டை | டிசம்பர் 3

வைக்கலாம், அசோசியேஷன் நோட்டீஸ் ஒட்டும் வரை. எங்கள் பிளாக்கில் ஒரு வீட்டுக்காரர் அலமாரி, இன்னொரு வீட்டுக்காரர் குழந்தை சைக்கிள், மூன்றாவது வீட்டில் துளசி மாடம் என்று போய், ஒரு நாள் ராத்திரி வயதானவரை ஸ்ட்ரெச்சரில் இறக்க வேண்டி வந்தபோது திரும்ப வழியில்லை. சாமான்களை ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே வைத்த பிறகுதான் அவரைக் கொண்டுபோனார்கள். அன்றோடு சரி. காரிடார் பொது வழி.

சிங்கைநடை | டிசம்பர் 3

இங்கே சிங்கப்பூரில் அதற்குக் கணக்கே உண்டு. வீவக (அரசு வீட்டு வாரியம்) வீடுகளில் வாசலுக்கு வெளியே செருப்பு அலமாரி வைக்கலாம், ஆனால் பொது நடைபாதையில் 1.2 மீட்டர் தடையில்லாமல் இருக்க வேண்டும், தீ ஆபத்து நேரத்தில் ஆள் ஓட. அதனால் எல்லோரும் ஒல்லி அலமாரிதான் தேடுகிறோம். செருப்பைச் சாய்த்து நிறுத்துகிற வகை, ஒரு சாண் ஆழம்கூட இருக்காது. நான் கரோசெல் என்ற பழைய பொருள் விற்கும் ஆப்பில் வாங்கியதுதான், வீடு மாறுகிறவர்கள் தூக்கிப் போக மனமில்லாமல் சும்மாகூடத் தருவார்கள், "நீங்களே வந்து எடுத்துக்கொள்ளுங்கள்" என்பது மட்டும்தான் நிபந்தனை. முன்பு சுங்கை ரோடு திருட்டுச் சந்தை இருந்தது, பழசு பொறுக்க அப்பாவோடு போவேன். 2017 ஜூலையில் மூடிவிட்டார்கள். பல்லாவரம் சந்தை இன்னும் நடக்கிறது என்று கேட்கவே பொறாமையாக இருக்கிறது.

மீன்பாடி | டிசம்பர் 4

பல்லாவரத்தில் வாரா வாரம் சுற்றுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை, பழைய டிரங்க் ரோடு. செடி, மீன், கோழி, பழைய போன், துணி, நட்டு போல்ட் எல்லாம் தாண்டித்தான் மரச் சாமான் வரும். காலையிலேயே போங்கள், வெயில் ஏறினால் கூட்டத்தில் சாமானைச் சுற்றிப் பார்க்க முடியாது. சாயங்காலம் போனால் விலை இறங்கும், திரும்ப ஏற்றிக்கொண்டு போகிற கூலி அவர்களுக்கு மிச்சமல்லவா, ஆனால் அப்போது இருப்பது மற்றவர்கள் கழித்தது.

பார்த்ததும் விலை கேட்காதீர்கள். பக்கத்தில் இருக்கிற வேறு எதையோ கேளுங்கள். பிடித்ததைத் தடவிக்கொண்டே பேரம் பேசினால் முடிந்தது கதை. முக்கியமாக, வண்டி வாடகையை முதலில் விசாரித்துவிட்டு அப்புறம் சாமான் விலை பேசுங்கள். குரோம்பேட்டைக்குக் குட்டி யானை (சின்ன லாரி) வேண்டாம், மீன்பாடி வண்டி (மூன்று சக்கரச் சரக்கு வண்டி) போதும். மாடி ஏற்றத் தனிக் கூலி. 800 ரூபாய் சாமானுக்கு 900 ரூபாய் செலவு வைத்தவன் நான், பெயர்க் காரணமும் அதுதான்.

உளிச்சத்தம் | டிசம்பர் 4

மரம் பார்க்கிற விதம் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், நாளை வெள்ளிக்கிழமை.

தூக்கிப் பாருங்கள். நல்ல மரம் கனக்கும், ஆனால் பார்ட்டிகிள் போர்டும் கனக்கும், அதனால் எடையை மட்டும் நம்பாமல் வெட்டுமுனையைப் பாருங்கள், பெஞ்சுப் பலகையின் குறுக்கு முனை. மேலே ஓடுகிற ரேகை முனையிலும் வளைந்து தொடர்ந்தால் அது மரம். முனையில் நாடா மாதிரி ஒட்டியிருந்தால், அல்லது பிஸ்கட் உடைந்த மாதிரி தூள் தூளாக இருந்தால் தொடாதீர்கள். அது ஒரு தடவை தண்ணீர் குடித்தால் ஊதிப்போகும், திரும்ப வற்றாது, கழன்ற ஸ்குரூ மறுபடி பிடிக்காது.

அடிப்பக்கம் திருப்பிப் பாருங்கள். விற்கிறவர் முகம் சுளித்தால் அவசியம் திருப்புங்கள். குண்டூசித் தலை அளவுக்கு வட்ட ஓட்டைகள் இருந்தால் உளு, மரத்தைக் குடைகிற பூச்சி. பழைய ஓட்டை பரவாயில்லை, உள்ளே கறுத்திருக்கும். ஓட்டை வெளுப்பாகவும் தட்டினால் மைதா மாதிரி மாவும் கொட்டினால் பூச்சி உள்ளே உயிரோடு இருக்கிறது. கரையான் என்றால் மாவு கொட்டாது, மண் ஒட்டியிருக்கும், தட்டினால் பொத்தென்று சத்தம் வரும்.

இன்னொரு விஷயம், உளு எல்லா இடத்தையும் தின்னாது. மரத்தின் வெளி ஓரம், நாங்கள் வெள்ளை என்போம், அதைத்தான் தின்னும். நடு வைரத்தில் பல் இறங்காது. வைரம் பாய்ந்த கட்டை என்று சும்மா சொல்லவில்லை. மலிவாகச் செய்த சாமானில் முன்பக்கம் தேக்கு வைத்துவிட்டுப் பின்பக்கமும் உள்தட்டும் வெள்ளைக் கட்டையில் அடித்திருப்பார்கள். ஆகவே பின்பக்கம்தான் முகம் என்று நினைத்துப் பாருங்கள்.

நடைவாசல் | டிசம்பர் 8

என்னைத் திட்டாதீர்கள்.

பெஞ்சு வாங்கப் போனேன், அலமாரி வாங்கி வந்துவிட்டேன். இடுப்பு உயரம், ஒல்லியாக 11 அங்குலம், கதவில் ஓரம் சீவிய, முகம் பார்க்கும் பழைய கண்ணாடி, பித்தளைக் கைப்பிடி. 2,800 சொன்னார், 1,500க்குக் கொடுத்தார். வண்டி 400, மாடி ஏற்ற 300. எனக்கே என்னைப் பார்த்துப் பெருமையாக இருந்தது. அண்ணன் சொன்ன மாதிரி திருப்பிப் பார்த்தேன், ஆனால் பின்பக்கம் புதுசாகப் பெயின்ட் அடித்திருந்தது, சுத்தமாக வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்!

இன்று காலை வாசல் தெளிக்க வந்த அம்மா கூப்பிட்டார். அலமாரிக்கு அடியில் இரண்டு இடத்தில் வெள்ளையாகக் கோபுரம் மாதிரி மாவு. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. துடைப்பத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

பழசுவேண்டாம் | டிசம்பர் 8

நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. இரும்பு ஸ்டாண்டு 2,000.

உளிச்சத்தம் | டிசம்பர் 8

பின்பக்கம் மட்டும் புதுப் பெயின்ட் என்றால் ஓட்டையை மக்கு (ஓட்டை அடைக்கிற பசை) வைத்து மூடியிருக்கிறார்கள். இதை நான் எழுதியிருக்க வேண்டும், என் தப்பு.

முதலில் அதை உடனே மொட்டைமாடிக்கு ஏற்றுங்கள், வீட்டில் உள்ள மற்ற மரத்துக்குப் பரவ வேண்டாம். கதவைக் கழற்றி அந்தச் சட்டத்தைப் பாருங்கள். பித்தளைக் கைப்பிடியும் ஓரம் சீவிய கண்ணாடியும் இருக்கிற கதவென்றால் சட்டம் தேக்காகவே இருக்க வாய்ப்பு. தேக்கு வைரமாக இருந்து ஓட்டை எதுவும் இல்லையென்றால் கதவு பிழைத்தது. மீதியை விட்டுவிடுங்கள். மண்ணெண்ணெய் அடித்து, கற்பூரம் போட்டு, மருந்து ஊசி போட்டு என்று ஆயிரம் வைத்தியம் சொல்வார்கள். உங்களுக்கு ஒரு மாதம்தான் நேரம்.

செட்டிநாட்டுப்பேத்தி | டிசம்பர் 9

கண்ணாடிக் கதவைக் காப்பாற்றுங்கள், அதன் விலைக்கே 1,500 தகும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போகலாமா என்று யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன், இந்தப் பட்ஜெட்டுக்கு மரச் சாமான் வாங்கப் போகாதீர்கள். அங்கே இருப்பது பர்மா தேக்கு, வீடு வீடாகப் பிரித்து வந்தது, விலையும் வெளியூர்க்காரர்களுக்கு வைத்தது. சென்னையிலிருந்து 400 கிலோமீட்டர் வண்டி வாடகை வேறு. எங்கள் ஐயா வீட்டு நிலை எந்த ரிசார்ட் வாசலில் நிற்கிறதோ தெரியாது. பங்காளிகள் ஒத்துப்போகவில்லை, வீட்டைப் பிரித்தார்கள், தூண் ஒருவருக்கு, நிலை ஒருவருக்கு, ஊஞ்சல் சங்கிலிக்குச் சண்டை.

ஆனால் அந்தப் பக்கம் போகிற வேலை இருந்தால் எனாமல் பூசிய தட்டோ கிண்ணமோ ஒன்று வாங்குங்கள், வீடுகளில் சீராக வந்து அடுக்கடுக்காகச் சேர்ந்தவை, சின்னது மலிவாகக் கிடைக்கும். சாவி போட அதைவிட அழகான பாத்திரம் கிடையாது. @சிங்கைநடை போன்றவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளை நாட்டை விட்டுத் தனியார் கொண்டுபோகக் கூடாது என்று 1972 சட்டம் இருக்கிறது. கடைக்காரர் ஆர்வத்தில் "நூற்றைம்பது வருஷம் பழசுங்க" என்பார். அதே வாயால் பில்லில் என்ன எழுதுகிறார் என்று பாருங்கள்.

சிங்கைநடை | டிசம்பர் 9

நல்ல வேளை சொன்னீர்கள், நான் ஒரு ஜன்னல் கேட்டு வைத்திருந்தேன். பழைய பச்சைப் பெயின்ட் உரிந்த ஜன்னல், இனி இங்கே கொண்டுவராமல் ஊரில் அக்கா வீட்டிலேயே சுவரில் சாய்த்துச் சாவி மாட்டலாம் என்று. பெயின்டைத் தேய்த்து எடுத்தால் அழகாக வருமா?

உளிச்சத்தம் | டிசம்பர் 9

தேய்க்காதீர்கள், அதுவும் குழந்தை இருக்கிற வீட்டில் உலர்ந்தபடி உப்புத்தாள் போடவே கூடாது. பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது, அதற்கு முந்தைய ஜன்னல் எப்படியோ யார் கண்டது. தூள் மூச்சில் போகும், தரையில் படியும், தவழ்கிற குழந்தை வாயில் வைக்கும். உரிகிற பெயின்ட் என்றால் அந்த ஜன்னலே வேண்டாம், பெயின்ட் அடிக்காத வெறும் மரமாகப் பாருங்கள்.

நடைவாசல் | டிசம்பர் 13

சட்டம் தேக்குதான்! கதவைக் கழற்றிக் கண்ணாடியோடு எடுத்துவிட்டேன், மீதியை எடுத்துப்போக ஆள் கிடைத்தார், காசு வாங்கவில்லை.

நேற்று மறுபடி சந்தை. இந்தத் தடவை அப்பாவும் வந்தார். பெஞ்சு கிடைத்தது. ஏதோ டியூஷன் சென்டர் மூடிவிட்டார்கள் என்று நான்கு பெஞ்சு வந்திருந்தது, நாலரை அடி நீளம், 12 அங்குலம். ஒன்றின் மேலே காம்பஸ் முனையால் குடைந்து ஒரு இதயமும் இரண்டு எழுத்தும். அப்பா அதைத்தான் எடுத்தார், "இது ஒன்றில்தான் மரம் கெட்டி, இவ்வளவு குடைந்தும் பிளக்கவில்லை" என்றார். வேங்கை என்று கடைக்காரர் சொன்னார். தட்டினோம், திருப்பினோம், நான் டார்ச் வைத்து அடியெல்லாம் பார்த்தேன், பக்கத்தில் கோழி விற்கிறவர் சிரித்தார். 1,100. வண்டி 350. மாடிக்கு நானும் அப்பாவும் தங்கையுமாகத் தூக்கிவிட்டோம்.

இப்போது பாலீஷ். கடையில் ஒருவர் வந்து அரக்குப் பாலீஷ் போட்டுத் தருகிறேன், 1,800 என்கிறார். போடலாமா?

தேக்குக்கட்டை | டிசம்பர் 13

மழைக்காலத்தில் வேண்டவே வேண்டாம். போன நவம்பரில் எங்கள் வீட்டு ஊஞ்சலுக்கு ஒருவர் போட்டார், "இரண்டு நாளில் செட் ஆகிவிடும் சார்" என்றார். இரண்டு நாளில் பலகை முழுக்க வெள்ளை பூத்து இட்லி மாவு பூசிய மாதிரி ஆகிவிட்டது. போன் செய்தால் எடுக்கவில்லை, ஜனவரியில் எடுத்து "அது ஈரப்பதம் சார், நாங்கள் என்ன செய்வது" என்றார். முன்பணத்தோடு போச்சு.

உளிச்சத்தம் | டிசம்பர் 13

அவர் சொன்ன காரணம் சரிதான், ஆனால் அது தெரிந்தவர் நவம்பரில் வேலையை எடுத்திருக்கக் கூடாது. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் போடுவது அது. ஸ்பிரிட் ஆவியாகும்போது காற்றில் உள்ள ஈரம் மேலே படிந்து வெள்ளை பூக்கும். பார்க்க அழகு, ஆனால் வாசலுக்கு லாயக்கில்லை, ஈரக் குடை சொட்டினால் தடம் விழும்.

நீங்களே செய்யுங்கள். 120 நம்பர் உப்புத்தாள், அப்புறம் 220. ரேகை ஓடுகிற திசையிலேயே தேய்க்க வேண்டும், குறுக்கே தேய்த்தால் கீறல் வார்னிஷ் போட்டபின் பல்லைக் காட்டும். இடுக்கு இருந்தால் அதே மரத்தூளை ஃபெவிக்காலில் குழைத்து அடைக்கலாம். ஈரத்துணியால் துடைத்து ஒரு நாள் காயவிட்டு, வெயில் அடிக்கிற நாளாகப் பார்த்து வார்னிஷ் மெல்லிசாக ஒரு கோட். மறுநாள் 320 தாளால் லேசாகத் தடவி இன்னொரு கோட். கெட்டியாக ஒரே கோட் அடித்தால் காயாமல் பிசுபிசுக்கும், நிச்சயத்தன்று மாமியார் புடவை ஒட்டிக்கொள்ளும்.

அடிப்பக்கத்தையும் விட்டுவிடாதீர்கள், கால் முனையில் தாராளமாக. ஈரம் ஏறுவது அங்கேதான். யாராவது ஆளி விதை எண்ணெய் போடச் சொல்வார்கள், நல்லதுதான், ஆனால் அது தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கலாம். விரித்துக் காயப் போட வேண்டும் அல்லது தண்ணீரில் முக்க வேண்டும்.

அந்த இதயத்தை அடைக்க வேண்டாம் என்பது என் கருத்து.

பிரம்புக்கூடை | டிசம்பர் 14

குடைக்குப் பழைய அலுமினியப் பால் கேன் பாருங்கள், நிமிர்ந்து நிற்கும், சொட்டுகிற தண்ணீர் அடியில் தேங்கும், வாரம் ஒருமுறை கொட்டிவிட வேண்டும், இல்லையென்றால் கொசு. ஹெல்மெட்டுக்குச் சுவர் ஆணி வேண்டாம், பெஞ்சின் பக்கவாட்டுக் காலில் கொக்கி திருகிவிடுங்கள். அப்புறம் விளக்கு! எத்தனை செலவு செய்தாலும் நடையில் மங்கலாக ஒரு பழைய டியூப் எரிந்தால் எல்லாம் ஆஸ்பத்திரி மாதிரிதான் இருக்கும். மஞ்சள் வெளிச்சம் தருகிற 9 வாட் எல்இடி ஒன்று போடுங்கள்.

நடைவாசல் | ஜனவரி 12

நடுவில் எழுத முடியவில்லை, கல்யாண வீட்டு வேலை. நடையைச் சரிசெய்து முடித்துவிட்டேன். கணக்குக் கேட்பீர்கள் என்று எழுதி வைத்தேன். வீணான அலமாரி 1,500, அதற்கு வண்டியும் கூலியும் 700. பெஞ்சு வண்டியோடு 1,450. உப்புத்தாள், வார்னிஷ், பிரஷ், கொக்கி எல்லாம் 640. பால் கேன் 450, அமுங்கிய இடத்தை அப்பா உள்ளேயிருந்து தட்டி எடுத்தார். பல்பு 120, தேங்காய் நார் மிதியடி 280. மொத்தம் 5,140. பிளாஸ்டிக் ஸ்டாண்டையும் பேப்பரையும் எடைக்குப் போட்டதில் 190 வந்தது. அந்த அலமாரித் தவறு மட்டும் இல்லையென்றால் 3,000 ரூபாய்க்குள் முடிந்திருக்கும், ஆனால் கண்ணாடி கிடைத்திருக்காது, எனவே அதைப் பற்றி நான் அழப்போவதில்லை.

கண்ணாடிச் சட்டத்தைப் பெஞ்சின் மேலேயே நிறுத்திச் சுவரில் சாய்த்து, நகராமல் இருக்க அடியில் ரப்பர் துண்டு. வெளியே கிளம்பும்போது பொட்டுச் சரிபார்க்கிற உயரத்துக்குச் சரியாக வருகிறது. இதில் ஒரு பஞ்சாயத்தும் நடந்தது. கதவுக்கு நேராகக் கண்ணாடி கூடாது என்று பெரியம்மா சொன்னார், பக்கச் சுவர் என்பதால் தப்பித்தது. செருப்பு பதினான்கிலிருந்து எட்டு ஜோடி ஆகிவிட்டது. வார்னிஷ் முதல் கோட் கொஞ்சம் கெட்டியாகப் போய், ஒரு இடத்தில் என் கட்டைவிரல் ரேகை இருக்கிறது.

அம்மாவுக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை. பெஞ்சுக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்து, முனையில் குங்குமம் வைத்துவிட்டுத்தான் உள்ளே விட்டார். இப்போது தினமும் பால் வாங்கி வந்ததும் அதில் உட்கார்ந்துதான் பேப்பரை முதல் பக்கம் படிக்கிறார், கேட்டால் "மூச்சு வாங்குகிறது, அதனால்" என்கிறார்.

பழசுவேண்டாம் | ஜனவரி 12

அந்த மூன்றாவது ஹெல்மெட் யாருடையது என்று கடைசி வரை சொல்லவில்லையே?

நடைவாசல் | ஜனவரி 12

மாடி வீட்டுப் பையனுடையதாம். போகிக்கு எடுத்து வெளியே வைத்ததும் ஓடிவந்து வாங்கிக்கொண்டான், ஒரு வருஷமாகத் தேடுகிறானாம்.

@உளிச்சத்தம் அண்ணா, ஒரு சந்தேகம். தரை கொஞ்சம் சரிவு, பெஞ்சின் ஒரு கால் லேசாக ஆடுகிறது. இப்போதைக்கு பஸ் டிக்கெட்டை மடித்து வைத்திருக்கிறேன். நிச்சயத்துக்கு இன்னும் எட்டு நாள்தான்.

உளிச்சத்தம் | ஜனவரி 12

மற்ற மூன்று காலையும் அறுக்கப் போய்விடாதீர்கள், அறுத்து அறுத்துக் கடைசியில் மணையாகிவிடும். பழைய ஹவாய்ச் செருப்பு ஒன்று எடுத்து, கால் அளவுக்கு ரப்பரை வெட்டி, ஆடுகிற காலுக்கு அடியில் ஒட்டுங்கள். தண்ணீரும் ஏறாது. தூக்கிப் போட்ட ஆறு ஜோடியில் ஒன்று இன்னும் மீதி இருக்கும்தானே?